ஈடும் கடனும்: பர்மாவும் யாவாவும்

கடன் கொடுக்கும் வாசல் உழவனின் குடிசைக்கு அருகில் இருந்துவிட்டால் அவன் வாழ்வு மலர்ந்துவிடுமா? தென்கிழக்காசியாவின் இரு நாடுகளின் வரலாற்றிலே இவ்வினாவுக்கு விடை காணலாம். ஒன்று பிரித்தானியர் ஆண்ட பர்மா. மற்றையது ஒல்லாந்தர் ஆண்ட யாவா.

1852இல் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றிய பிரித்தானியர், ஐராவதிக் கழிமுகத்தின் காடுகளை நெல்வயலாக்க விழைந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிட்டு வரி செலுத்தியவனுக்கு, விற்கவும் ஈடு வைக்கவும் கூடிய நிலவுரிமையை 1876ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. ஐரோப்பிய வங்கிகள் ஏற்றுமதி வணிகத்தோடு நின்றுகொண்டன. அந்நிலத்தை ஈடாகப் பெற்றுச் சிற்றூர்வரை பணத்தைக் கொண்டுசென்றவர் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரே. அவர்தம் வட்டி உள்ளூர் வட்டிக்காரரின் வட்டியிலும் குறைவு. அவர் விரும்பியதும் பணமேயன்றி நிலமன்று. ஆயினும் 1930இல் நெல்விலை வீழ்ந்ததும் ஈடு தன் வேலையைக் காட்டிற்று. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர் வசமிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. காடழித்துக் கழனி செய்தவன் அக்கழனியிலேயே குத்தகைக்காரனானான். தமிழராகிய நாம் பர்மாவில் நம்மவர் தேடிய செல்வத்தைப் பேசும்போது அவ்வுழவனையும் நினைத்தல் வேண்டும்.

யாவாவிலோ, சுதேசிகளின் நிலம் பிறருக்கு விற்கப்படுவதை ஒல்லாந்தர் 1875இல் தடைசெய்தனர். இது வெறுங் கருணையன்று. அந்நிலங்களைக் கரும்பாலைகள் மலிவாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. எனினும், வெளியார் கடனுக்காக வயலைக் கவரும் வழி அடைபட்டது. 1895இல் பூர்வோகெர்த்தோ நகரில் விரியாத்மாஜா என்னும் சுதேச அதிகாரி, அதிகாரிகளைக் கடன்தொல்லையினின்று மீட்க ஒரு வங்கியைத் தொடங்கினார். பின்னர் அது உழவருக்கும் விரிந்தது. கிராம நெற்களஞ்சியங்களும் கிராம வங்கிகளும் எழுந்தன. 1901இல் சுக்கபூமியில் அரசாங்க அடைவுகடை திறக்கப்பட்டது. அங்கே மீட்க முடியாதவன் நகையையோ துணியையோ இழந்தான், வயலை இழக்கவில்லை. அவன் செல்வனானான் என்று நாம் கூறமாட்டோம். கிடைத்த கடன் சிறிது. அடைவுகடையின் இலாபமோ அரசாங்கத்தின் கருவூலத்துக்கே சென்றது.

விடுதலைக்குப் பின்னும் இவ்வேறுபாடு தொடர்ந்தது. மக்கட் கடன் வங்கிகளின் வழிவந்த நிறுவனத்தை இந்தோனேசியக் குடியரசு 1946இல் தன் மக்கள் வங்கியாக்கிற்று. அதன் கிளைகள் கிராமங்களை எட்டின. பர்மாவில் 1942இல் யப்பானியப் படையெடுப்பின்போது செட்டிமார் வெளியேறினர். 1948இல் நிலத் தேசியமயச் சட்டம் இயற்றப்பட்டது. 1963இல் இராணுவ அரசு வங்கிகளை அரசுடைமையாக்கிற்று. அரசுடைமை தவறன்று, மக்களுக்குப் பொறுப்புக் கூறாத அரசின் உடைமையே தவறு. 1987இல் அவ்வரசு 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஈடுசெய்யாமலே செல்லாதனவாக்கியபோது, ஏழையின் சேமிப்போடு அவன் நம்பிக்கையும் அழிந்தது. 2017இல் உலக வங்கி எடுத்த கணக்கில், வங்கி முதலிய நிறுவனங்களில் கணக்குடைய வளர்ந்தோர் இந்தோனேசியாவில் நூற்றுக்கு 49 பேர்; பர்மாவில் 26 பேர் மட்டுமே.

ஆகவே, வங்கியின் வாசல் எத்துணை அருகில் உள்ளது என்று கேட்பதோடு நாம் அமைந்துவிடலாகாது. அவ்வாசலுக்குள் நுழைபவன் எதனை ஈடாக வைக்கிறான், விலை வீழும் நாளில் எதனை இழந்து வெளியேறுகிறான் என்றும் கேட்டல் வேண்டும். பர்மிய உழவன் தன் நிலத்தை இழந்து நமக்குக் கற்பித்த பாடம் இதுவே.