வந்தாறுமூலையிற் பிறந்த பல்கலைக்கழகம்

நாவற்குடாவிலிருந்து வாவியைக் கடந்து வடக்கே செல்வோர் வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் காண்பர். 1971 இல் மொழிவாரித் தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு உயர்கல்வி வாயிலை ஒடுக்கிற்று. 1974 இன் மாவட்ட ஒதுக்கீடோ பின்தங்கிய மட்டக்களப்புக்கு அதனைச் சற்றே திறந்தது. யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்ட வரலாறுகள் இம்முரணைப் போதியளவு கவனிப்பதில்லை.

1981 ஆகஸ்ட் 1 இல் மத்திய மகா வித்தியாலய வளவில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமுமே முதற் பீடங்கள். வயல் சூழ்ந்த நாட்டுக்கு அது பொருத்தமே. கலை பயில விரும்பியோருக்குத்தான் மனக்குறை! 1986 ஒக்டோபர் 1 இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

நான்காண்டு நிறையுமுன் அவ்வளவு அகதிமுகாமாயிற்று. 1990 செப்ரெம்பர் 5 அன்று அங்கு அடைக்கலம் புகுந்திருந்தோரில் 158 பேரை இராணுவத்தினர் அழைத்துச் சென்றனர், அவர்கள் மீளவில்லை. விரிவுரைகள் பின்னர் அதே வளவில் மீண்டும் தொடங்கின.