கேகாலைக் காரீயமும் இலத்திரனின் இரகசியமும்

கேகாலை மாவட்டத்தின் போகல சுரங்கத்திலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் காரீயம் அகழ்ந்தெடுக்கப்பட்டு வருகின்றது. பாறைப் பிளவுகளில் நாளங்களாகப் படிந்து கிடக்கும் இவ்வகைக் காரீயத்தை வர்த்தக ரீதியில் வழங்கும் நாடு உலகில் இலங்கை மட்டுமே. அதன் தூய்மை பெரும்பாலும் 90 சதவீதத்தைத் தாண்டும்; சிறந்த நாளங்களில் 99 சதவீதத்தையும் எட்டும். உலோகம் உருக்கும் மூசைகளுக்காக முதலாம் உலகப் போர்க் காலத்தில் இதற்கு இருந்த கிராக்கி வரலாறு அறிந்ததே. எனினும் இக்கரிய கல்லின் பெறுமதியை இன்று தீர்மானிப்பது அதன் எடையன்று, அதனுள் இலத்திரன்கள் நடந்துகொள்ளும் விதமே. அதைக் கண்டறியும் விஞ்ஞானத்தில் நமக்குப் பங்கு உண்டா என்பதே நம்முன் உள்ள கேள்வியாகும்.

இக்கேள்வியின் கனத்தை அயலிலுள்ள இரத்தினபுரி ஏற்கெனவே அனுபவித்துள்ளது. 'கெவுடா' எனப்படும் பால் நிறக் குருந்தக் கற்களை நம்மவர்கள் மதிப்பற்றவை எனக் கருதியிருந்த 1970களில், தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்றனர். 1,500 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சூடாக்கியபோது அவை நீலக்கற்களாக மாறின. கல்லில் அடங்கியுள்ள இரும்பு, டைட்டேனியம் அணுக்களிடையே இலத்திரன் இடம் மாறுவதே அந்த நீலத்துக்குக் காரணம். நம்மவர்களும் பின்னர் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டனர். ஆனால் அதற்கிடையில் கைவிட்டுப் போன செல்வம் திரும்பி வரவில்லை.

திண்மப் பொருளொன்றில் இலத்திரன்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை நேரடியாகக் காட்டும் முறையே ஒளிக்காலல் நிறமாலையியல் ஆகும். அதன் வேர் பழையது. உலோகத்தின் மீது ஊதாக்கடந்த கதிர் படும்போது ஏற்படும் மின் விளைவை ஜேர்மனிய விஞ்ஞானி ஹேர்ட்ஸ் 1887 இல் அவதானித்தார். ஒளி சிறு சிறு சக்திப் பொதிகளாக வருவதாகக் கொண்டு 1905 இல் அதற்கு விளக்கமளித்தவர் ஐன்ஸ்டைன். அவருக்கு 1921 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது, பலரும் எண்ணுவது போலச் சார்புக் கொள்கையன்று. இந்த ஒளிமின் விளைவு பற்றிய விதியே. இவ்விளைவை நுண்ணிய அளவீட்டுக் கருவியாக வளர்த்தெடுத்த சுவீடன் நாட்டவரான காய் சீக்பான் 1981 இல் நோபல் பரிசு பெற்றார்.

முறையின் அடிப்படை எளிமையானது. தெரிந்த சக்தியுடைய ஒளியைப் பொருளின் மீது செலுத்தினால் இலத்திரன் வெளியேறும். வெளிவந்த இலத்திரனின் சக்தியை அளந்து, கொடுத்த ஒளியின் சக்தியிலிருந்து கழித்துப் பார்த்தால், அது உள்ளே எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருந்தது என்பது தெரியவரும். அது எந்தக் கோணத்தில் வெளியேறியது என்பதையும் அளந்தால், உள்ளே அது கொண்டிருந்த உந்தமும் புலப்படும். இவ்விரண்டையும் சேர்த்து வரையும்போது பொருளின் இலத்திரன் அமைப்பே ஒரு வரைபடமாகத் தோன்றும்.

நடைமுறையோ கடினமானது. மேற்பரப்பின் ஒரு சில அணுப்படைகளிலிருந்து மாத்திரமே இலத்திரன்கள் சக்தி இழக்காமல் தப்பி வரும். ஆகவே பரப்பில் ஓர் அணுப்படை அளவுக்கு மாசு படிந்தாலும் அளவீடு கெட்டுவிடும். இதனால் வளியமுக்கத்தின் இலட்சம் கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த வெற்றிடத்தினுள் பொருளைப் பிளந்து, அப்போது வெளிப்படும் புதுப் பரப்பிலேயே ஆய்வு நடத்தப்படுகின்றது.

இம்முறைக்கு மிகவும் உகந்த பொருள்களுள் காரீயமும் ஒன்று. அது அறுகோண வலை போன்ற காபன் படைகளால் ஆனது. படைகள் ஒன்றிலிருந்து ஒன்று எளிதில் உரிந்துவரும். சாதாரண ஒட்டும் நாடாவைக் கொண்டு ஒற்றைப் படையைப் பிரித்தெடுத்து, அதன் பண்புகளை 2004 இல் வெளியிட்ட மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கைம், நோவோசெலோவ் இருவரும் 2010 இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த ஒற்றைப் படையே கிராபீன். அதில் இலத்திரன்கள் திணிவே அற்றவை போல, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு வேகத்தில் விரைகின்றன. இத்தகைய இலத்திரன்கள் காரீயத்திலும் இருப்பதை, அமெரிக்காவின் பேர்க்லி ஆய்வாளர்கள் 2006 இல் ஒளிக்காலல் முறை மூலம் நேரடியாகக் காட்டினர்.

குவாண்டம் விதிகள் வெளிப்படையாகப் பண்பைத் தீர்மானிக்கும் ஏனைய பொருள்களிலும் இம்முறை பல கதவுகளைத் திறந்துள்ளது. 1986 இல் கண்டறியப்பட்ட செப்பு ஒட்சைட்டு மீகடத்திகளில் இலத்திரன் சோடிகளின் பிணைப்பு திசைக்குத் திசை வேறுபடுவதை 1993 இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இதன் மூலமே காட்டினர். உள்ளே மின்கடத்தாது பரப்பில் மட்டும் கடத்தும் விந்தைப் பொருள்களை 2008 இலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் இம்முறையால் இனங்கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர், டாக்காவில் பிறந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பேராசிரியர் சாஹித் ஹசன். தெற்காசியாவில் பிறந்த ஒருவருக்கு இத்துறையின் உச்சி எட்டாததன்று என்பதற்கு அவரே சான்று.

இத்தகைய ஆய்வுகளிற் பெரும்பாலானவற்றுக்குச் செறிவுமிக்க ஒளியைத் தரும் சின்குரோத்திரன் நிலையங்கள் தேவை. இலங்கையில் அத்தகைய நிலையம் இல்லை. இந்தியாவின் இந்தூரில் இரண்டு உள்ளன. யுனெஸ்கோவின் ஆதரவில் உருவான சேசமி நிலையம் ஜோர்தானில் 2017 இல் திறந்து வைக்கப்பட்டது. ஒன்றோடொன்று பகைமை பாராட்டும் நாடுகளும் அதில் உறுப்புரிமை வகிக்கின்றமை குறிப்பிடத்தக்கது. செல்வம் குறைந்த நாடுகளும் கூடி முயன்றால் பெரும் விஞ்ஞானத்தைத் தம் மண்ணில் நிறுவலாம் என்பதை அது உணர்த்துகின்றது. நம் நாட்டிலும் முயற்சி இல்லாமலில்லை. ஹோமாகமவிலுள்ள ஸ்லின்டெக் நனோ தொழில்நுட்ப நிறுவகம் இலங்கைக் காரீயத்திலிருந்து கிராபீன் தயாரிக்கும் முறையை உருவாக்கி, 2018 இல் தனியார் துறையுடன் கூட்டு முயற்சியிலும் இறங்கியது.

ஆனால் அடுத்த படியை ஏறப்போகும் பிள்ளைகள் யார்? மேலே விவரித்த முறைக்கு ஆதாரமான ஐன்ஸ்டைனின் சமன்பாடு நமது உயர்தரப் பௌதிகப் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றது. அதைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகளோ சப்ரகமுவவில் மிகச் சிலவே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, பலாங்கொடைப் பகுதிகளின் தோட்டப் பிள்ளைகளுள் விஞ்ஞானத்தை விரும்புவோர், ஊரை விட்டு ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டும். வசதியற்றோர் கலைப் பிரிவோடு அமைய வேண்டும். தமிழ்மொழி மூலம் கற்கும் இப்பகுதி முஸ்லிம் மாணவர்களும் ஆசிரியர் பற்றாக்குறையின் சுமையைப் பகிர்ந்தே வருகின்றனர்.

கலைப் பிரிவை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. விரும்பித் தெரிவு செய்வது வேறு, வேறு வழியின்றித் தள்ளப்படுவது வேறு என்பதே நமது வாதம். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகம் பிரயோக விஞ்ஞான பீடத்துடன் இயங்குகின்றது. அதன் வாயிலுக்கு அருகிலேயே வளரும் பிள்ளை, மொழியின் காரணமாக அதனுள் நுழையும் பாடத்தைக் கற்க முடியாதிருப்பது நீதியாகாது.

சின்குரோத்திரனை நாம் கேட்கவில்லை. மாகாணத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழி மூல விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கொண்ட ஒரு பாடசாலையேனும், அதற்குரிய ஆய்வுகூடமும், நிலைத்திருக்கும் பௌதிக ஆசிரியர்களும் வேண்டும் என்றே கேட்கின்றோம். மாகாணக் கல்வி அதிகாரிகளும் மலையக, முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகளும் இதில் ஒன்றிணைய வேண்டும். கெவுடாக் கல்லில் நேர்ந்தது காரீயத்திலும் நேருமாயின், அப்போது பழியைச் சுமத்த வேறு எவரையும் நாம் தேட முடியாது.