கடலோரத்து ‘ஓட்டல்’

கோரிமேட்டிலிருந்து மாணவர் சிலரை ஒருநாள் புதுவைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். அலைகளை நோக்கி வெண்மையாய் நிமிர்ந்து நிற்கும் மாளிகையைக் காட்டி, “பிரெஞ்சுக்காரர் இதனை ‘ஓட்டல் தெ வில்’ என்றழைத்தனர்” என்றேன். “ஐயா, இங்கே சாப்பாடு கிடைக்குமா?” என்றான் ஒரு சிறுவன். சிரித்தோம். சிரிப்பதற்கில்லை! பிரெஞ்சு மொழியில் அச்சொல் பெருமாளிகையையும் குறிக்கும். ஊரின் மாளிகை, அதாவது நகரமன்றம் என்பது அப்பெயரின் பொருள். மக்கள் வழங்கும் ‘மேரி’ என்ற பெயரோ இன்னும் வேடிக்கை. அருகே மாதா கோயில் இருப்பதால் இதுவும் அன்னை மேரியின் பெயரே என நம்புவோர் உளர். மாதாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நகராட்சி மன்றத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே அது.

கட்டப்பட்ட காலம் 1870-71. பிரான்சிலே பேரரசன் மூன்றாம் நெப்போலியன் வீழ்ந்து, குடியரசு எழுந்த காலம்! சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பாரிசு முழங்கியது. புதுவையில்? 1873இல், பொன்னுத்தம்பி என்னும் தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போல் காலணி அணிந்து வழக்கு மன்றத்துள் நுழைந்தார். குற்றம் என்றனர்; தண்டித்தனர். அவர் அஞ்சினாரில்லை. பாரிசு வரை வழக்காடி வென்றார்.

1880இல் நகராட்சிகள் அமைந்தன. 1881இல் வந்த ஆணை, சாதி வழக்கங்களோடு பிணைந்த பழைய உரிமையியல் முறையைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க வழி திறந்தது. ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் பெருமளவில் அவ்வழியே வந்தனர். புதுக் குடும்பப் பெயர் சூடினர். மேல்சாதியினர் சீறினர், சண்முக வேலாயுத முதலியார் அவ்வெதிர்ப்பின் தலைவரானார். பழமைக்கு வாழ்வு தேடிய அவர்கள், அதற்குத் துணையாய் வாக்குச் சீட்டையே பற்றிக்கொண்டதை என்னென்பது!

1884இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாய்ப் பிரிக்கப்பட்டனர்: ஐரோப்பியர், துறந்தோர், ஏனைய இந்தியர். கைவிரல் விட்டு எண்ணத்தக்க வெள்ளையருக்குத் தலைக்கணக்கை மிஞ்சிய இடங்கள்! 1899இல் பட்டியல் இரண்டாயிற்று. துறந்தோருள் பெரும்பாலோர் மீண்டும் இந்தியர் பட்டியலிலேயே தள்ளப்பட்டனர். சட்டத்தை நம்பிச் சாதியை உதறியவர்க்குச் சட்டம் தந்த பரிசு இது. பட்டியல் வேலி முற்றும் அகன்றது 1945இல்தான். சமத்துவம் பேசிய குடியரசுக்கு எழுபத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன!

1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. மாளிகை நகராட்சியிடமே இருந்தது; ஆனால் அதனைப் பேணுவார் அருகினர். உப்புக் காற்றும் மழையும் சுண்ணச் சுவரைத் தின்றன. 2014 நவம்பர் 29இல், கொட்டிய மழையில் கட்டிடம் இடிந்து வீழ்ந்தது. உலக வங்கியின் நிதியுதவியோடு பழைய தோற்றத்திலேயே மீண்டும் எழுப்பி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள்.

அதற்குள் இருக்கைகளின் கதை வேறாகிவிட்டது. 1968இல் நடந்த நகராட்சித் தேர்தலுக்குப் பின், அடுத்த தேர்தல் 2006இல்தான் வந்தது. இடைவெளி முப்பத்தெட்டு ஆண்டுகள்! அம்மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தது. பத்தாண்டு கழிந்து புதுமாளிகையின் கதவு திறந்தபோது, அதனுள் சென்று அமர, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.