கடல் புளிக்கிறதா? ஒரு மீனவர் கேட்ட கேள்வியும் நான் சொல்லத் தவறிய பதிலும்

கடந்த சோளகக் காலத்தில் ஒருநாள், கரையில் வலை திருத்திக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "தம்பி, கடல் புளிச்சுக்கொண்டு வருகுதாம் எண்டு றேடியோவில சொல்லுறாங்கள். உண்மையோ?" என்று கேட்டார். "இல்லை ஐயா, அது வெளிநாட்டுக் கடலிலதான்" என்று சிரித்துச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவன் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கடல் புளிக்கவில்லை என்பது ஓரளவுக்குச் சரிதான். அமிலத்தன்மையை அளக்கும் பீஎச் அளவுகோலில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். தேசிக்காய்ச் சாறு ஏறத்தாழ 2. இன்றைய கடலின் மேற்பரப்பு நீர் சராசரியாக 8.1. ஆகவே கடல் இன்னும் காரமாகத்தான் இருக்கிறது. இந்த நூற்றாண்டு முடியும்போதும் அப்படித்தான் இருக்கும். முகநூலில் உலாவும் "கடல் அமிலமாகிவிட்டது" என்ற தலைப்புகள் பிழையானவை. 2003ஆம் ஆண்டில் கென் கால்டெய்ரா, மைக்கல் விக்கெற் ஆகிய இருவரும் 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதிய சிறு கட்டுரைக்குப் பிறகு பரவலான 'கடல் அமிலமாதல்' என்ற சொல் குறிப்பது, கடல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதையே.

கைத்தொழில் யுகத்துக்கு முன் அந்த எண் ஏறத்தாழ 8.2 ஆக இருந்தது. 0.1 தானே குறைந்தது என்று தோன்றலாம். ஆனால் பீஎச் மடக்கை அளவுகோல். அதில் ஒன்று குறைந்தால் ஐதரசன் அயன்கள் பத்து மடங்காகின்றன. 0.1 குறைவது, அவை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுவதற்குச் சமம். மனித இரத்தத்தின் பீஎச் இவ்வளவு குறைந்தால் ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிவரும்.

இதற்குக் காரணம் காபனீரொட்சைட்டு. வளிமண்டலத்தில் மில்லியன் பங்குக்கு ஏறத்தாழ 280 ஆக இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளிவிடுவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரில் கரைந்து காபோனிக் அமிலமாகிறது. அமிலம் விடும் ஐதரசன் அயன்கள் கடல்நீரில் இருக்கும் காபனேற்று அயன்களைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடுகின்றன. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முருகைக்கல், சங்கு, சிப்பி, மட்டி எல்லாம் தங்கள் ஓட்டைக் கட்டுவது கல்சியத்தையும் காபனேற்றையும் சேர்த்துத்தான். காபனேற்று குறையக் குறைய, அதே ஓட்டைக் கட்ட உயிரி கூடுதலான சக்தியைச் செலவழிக்க வேண்டும். அந்தச் சக்தி வளர்ச்சியிலிருந்தும் இனப்பெருக்கத்திலிருந்தும்தான் கழிபடும்.

யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த இரசாயனம் புதிதல்ல. குடாநாடு முழுவதும் உட்கார்ந்திருப்பது மயோசீன் காலத்துக் கடலில் படிந்த சுண்ணக்கல்லின் மேல். மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கி அந்தக் கல்லை அரித்ததால்தான் நிலத்தடிக் குகைகளும், ஆழங்காணாக் கிணறு என்று பிள்ளைகளைப் பயமுறுத்தும் நிலாவரையும் உண்டாயின. நிலத்தடியில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக நடந்த அந்த வேலையின் நெருங்கிய உறவுதான் இன்று கடலில் நடப்பது. அதே கல்லைச் சூளையில் சுட்டால் கல்லுக்குள் பூட்டிக் கிடந்த காபனீரொட்சைட்டு மீண்டும் வெளியே வரும். 1990 வரை காங்கேசன்துறையில் சீமெந்து செய்தபோது நடந்ததும் அதுதான்.

கடலுயிர்களில் இதன் விளைவு ஏற்கெனவே தெரிகிறது. 2007ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஒரிகன் கரையோரச் சிப்பி வளர்ப்பகங்களில் குடம்பிகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் நோயென்றே நினைத்தார்கள். ஆழத்திலிருந்து மேலெழுந்துவந்த, காபனீரொட்சைட்டு மிகுந்த நீரே காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. சிப்பிக் குஞ்சு தன் முதல் ஓட்டை இரண்டு நாட்களுக்குள் கட்டிமுடிக்க வேண்டும். அந்த இரண்டு நாட்களில் நீர் கெட்டிருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. இப்போது அங்கே நீரை அளந்து பார்த்து, சோடியம் காபனேற்றுச் சேர்த்த பிறகே குஞ்சுகளை விடுகிறார்கள். தொட்டியில் இதைச் செய்யலாம், கடலில் செய்ய முடியாது. தென்சமுத்திரத்தில் 2008இல் பிடித்த கடல் வண்ணத்துப்பூச்சி எனப்படும் சிறு நத்தைகளின் ஓடுகள் உயிரோடிருக்கும்போதே கரையத் தொடங்கியிருந்ததை நீனா பெட்னார்ஷெக் குழுவினர் 2012இல் வெளியிட்டார்கள். குளிர்ந்த நீர் வாயுவைக் கூடுதலாகக் கரைக்கும் என்பதால் துருவக் கடல்களே முதலில் அடிபடுகின்றன.

அப்படியானால் நம்மைப் போன்ற வெப்பக் கடல்கள் தப்புமா? பப்புவா நியூ கினியின் மில்ன் குடாவில் எரிமலை வாயு கடலடியிலிருந்து குமிழியிடும் இடங்கள் உள்ளன. கற்றரீனா ஃபப்ரீசியஸ் குழுவினர் 2011இல் அங்கே கண்டது இது: முருகைக்கல் அடியோடு இல்லாமற் போகவில்லை, ஆனால் கிளைவிட்டும் விசிறி போலவும் வளரும் இனங்கள் குறைந்து, உருண்டைக் கற்கள் போன்றவையே மிஞ்சியிருந்தன. மீன்குஞ்சு ஒளிவது அந்தக் கிளைகளுக்குள்தான். உருண்டைக் கல்லில் ஒளிய இடமில்லை.

இருந்தாலும் எங்கள் பக்கத்துக் கடலுக்கு உடனடி அடி வெப்பத்திடமிருந்துதான் வருகிறது. புவியில் கூடுதலாகத் தேங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள் போகிறது. முருகைக்கல்லின் நிறமும் உணவும் அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய அல்காக்களால் வருபவை. வழமையான கோடை உச்சத்தை விட ஒரு பாகை செல்சியஸ் கூடி, சில வாரங்கள் நீடித்தாலே முருகை அந்த அல்காக்களை வெளியே தள்ளிவிடும். வெளிறி நிற்கும், நீர் கெதியாகக் குளிராவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் ஹிக்கடுவையிலும் கல்பிட்டிக் கடலிலும் நடந்தது இதுதான். திருகோணமலைப் புறாத்தீவு அந்த முறை பெரிதும் தப்பியது. மெல்ல மீண்டுவந்த கல்பிட்டித் திட்டுகளை 2016 மறுபடியும் வெளிறச் செய்தது. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்டது. இறந்த கல் மீண்டும் வளர பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். இரண்டு வெளிறல்களுக்கு இடையில் இப்போது அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

இனிக் காபன் வட்டம். வானத்தில் இருப்பதைப் போல் நாற்பது மடங்குக்கும் மேலான காபன் கடலில் இருக்கிறது. அதை ஆழத்துக்கு இறக்குவன இரண்டு. ஒன்று, துருவப் பக்கம் குளிர்ந்து கனத்த நீர் வாயுவோடு கீழே அமிழ்வது. மற்றது உயிரிகளின் வேலை: தாவர பிளாந்தன் ஒளித்தொகுப்பில் காபனைப் பிடிக்கிறது, அதைத் தின்னும் உயிர்களின் எச்சமும் உடலும் கீழே விழுகின்றன. வெப்பம் இரண்டையும் தளர்த்துகிறது. சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும் (வெயிலில் வைத்த சோடாப் போத்தலைத் திறந்தவர்களுக்குத் தெரியும்). மேலே சூடான நீர் மூடிபோல் படிந்தால் ஆழத்துப் போசணைப் பொருட்கள் மேலே வராது, பிளாந்தன் குறையும். மேற்கு இந்து சமுத்திரத்தில் அறுபது ஆண்டுகளில் பிளாந்தன் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாகப் புனேயைச் சேர்ந்த றொக்சி மத்யூ கோல் குழுவினர் கணித்தார்கள். பிளாந்தன் குறைந்தால் சூடையும் சாளையும் எதைத் தின்னும்?

இதோடு இன்னொன்று. காபனேற்று குறைந்த கடல், அடுத்த காபனீரொட்சைட்டை ஏற்பதிலும் பின்வாங்கும். ரொஜர் ரெவெல், ஹான்ஸ் சூஸ் ஆகியோர் 1957இலேயே இதைச் சுட்டினார்கள். கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற நம்பிக்கை அன்றே உடைந்துவிட்டது.

முருகைக்கல் காபனைச் சேமித்து வளியைச் சுத்தமாக்குகிறது என்று பாடசாலைக் கண்காட்சிகளில் எழுதிவைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். அது பிழை. ஓடு கட்டும் தாக்கத்தில் காபனீரொட்சைட்டு வெளியேதான் வருகிறது. முருகைக்கல்லைக் காப்பதற்கு மீனும் கரைப் பாதுகாப்பும் போதுமான காரணங்கள். காபனை உண்மையில் மண்ணுக்குள் புதைப்பது கடற்புல், நாங்கள் சொல்லும் சாதாளை. பகல் நேரத்தில் அது தன்னைச் சுற்றியுள்ள நீரின் அமிலத்தன்மையையும் சற்றுத் தணிக்கிறது. பாக்கு நீரிணையில் அந்தப் புல்லை வேரோடு அள்ளிக்கொண்டு போவது இழுவைமடி. 2017இல் இலங்கை அதைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப் படகுகள் நின்றபாடில்லை, உள்ளூரிலும் தடை முழுதாக நடைமுறையில் இல்லை. உலகம் எரிக்கும் நிலக்கரியை வடமாகாண மீனவர் நிறுத்த முடியாது. புல் இருந்தால் அந்தக் கடல் இன்னும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும், அதைக் கேட்க அவருக்கு உரிமையும் இருக்கிறது.

சென்ற கிழமை அவரைத் தேடிப்போய், அன்று சொன்னது பிழை என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப எப்ப பழையபடி வரும்?" என்றார். 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னும் கடல் இப்படிச் சூடாகி அமிலமானது, இன்றைய வேகத்தை விட மிக மெதுவாக. ஆழ்கடல் அடியில் வாழ்ந்த ஃபொராமினிஃபெரா இனங்களில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை அப்போது அழிந்தன. கடல் தேறி வர ஒரு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அந்த எண்ணைச் சொன்னபோது அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வலைக்குத் திரும்பினார்.