குழந்தையைத் தாயோ தந்தையோ நாடு கடத்திச் சென்றால் என்ன ஆகும்?

2025 ஜூலையில், கொல்கத்தா அருகே சந்தன்நகரைச் சேர்ந்த ஒருவர் தன் மகனைக் காணவில்லை என உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். மகனுக்கு ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. கூட்டிச் சென்றவர் அந்நியர் இல்லை, பிரிந்து வாழும் ரஷ்ய மனைவி.

என்ன நடந்தது?

வாரத்தில் மூன்று நாள் தாயிடம், மீதி நாள் தந்தையிடம் என மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. குழந்தையின் பாஸ்போர்ட்டும் நீதிமன்றத்தின் வசமே இருந்தது. ஆனாலும் இருவரும் டெல்லியிலிருந்து பீகார், நேபாளம், ஷார்ஜா வழியாக ரஷ்யா போய்விட்டதாக மத்திய அரசு தெரிவித்தது.

திரும்பக் கொண்டுவர முடியாதா?

அதற்கென்றே 1980-ல் உருவானது ஹேக் உடன்படிக்கை. குழந்தை யாருக்கு என்று அது முடிவு செய்யாது. குழந்தையை வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்கே முதலில் திருப்பி அனுப்பச் சொல்லும். ரஷ்யா அதில் இருக்கிறது. இந்தியா இல்லை. அதனால் மிச்சமிருப்பது தூதரகப் பேச்சுதான்.

இந்தியா ஏன் சேரவில்லை?

சேரலாம் என 2009-லேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. ஆனா, வெளிநாட்டில் கணவரின் வன்முறைக்குப் பயந்து குழந்தையோடு ஊர் திரும்பும் பெண்களின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. நியாயமான கேள்விதான். கோயம்புத்தூருக்குக் கூட்டிவரப்பட்ட இரு சிறுமிகள் பிரிட்டன் நீதிமன்ற உத்தரவுப்படி அங்கே செல்ல வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2015-ல். குழந்தையின் நலனே முதன்மை, வெளிநாட்டு உத்தரவு ஓர் அம்சம் மட்டுமே என்றது 2017-ல்.

குடும்பத்துக்கு என்ன ஆகிறது?

குழந்தை இழப்பது ஒரு அப்பாவையோ அம்மாவையோ மட்டுமல்ல. தாத்தா பாட்டி, பள்ளி, நண்பர்கள், பேசிப் பழகிய மொழி எல்லாம் ஒரே நாளில் போய்விடும். 'அவருக்கு உன்மேல் பாசமில்லை' என்று கேட்டே வளரும் குழந்தை அதையே நம்பவும் கூடும். விடப்பட்டவருக்கோ இழப்பும் முடிவதில்லை, வழக்கும் முடிவதில்லை. ஒரு வருஷம் தாண்டினால் குழந்தை புது இடத்தில் வேரூன்றிவிடும். அதன்பின் திருப்பி அனுப்ப ஹேக் நாடுகளின் நீதிமன்றங்களே தயங்கலாம். வழக்கு இழுக்க இழுக்க, லாபம் கொண்டுபோனவருக்குத்தான்.

நீங்கள் கவனிக்க வேண்டியது

வெளிநாட்டுக் குடியுரிமையுள்ளவரோடு மணமுறிவு என்றால், குழந்தையை நாட்டைவிட்டு அழைத்துச் செல்லத் தடை உத்தரவை முதலிலேயே கேளுங்கள். பாஸ்போர்ட்டை ஒப்படைத்தால் மட்டும் போதாது. சந்தன்நகர் வழக்கே சாட்சி. காணாமல் போய்விட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள். குழந்தை எல்லை தாண்டிவிட்டால், கையில் எவ்வளவு நல்ல தீர்ப்பு இருந்தாலும் அது காகிதம்தான்.