பத்து டாலர் கேட்ட பள்ளி மாணவன்



கடிதம் எழுதுதல் நம் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. வடிவத்திற்கு மதிப்பெண், எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் என்று நாம் வகுத்துவிட்ட சட்டத்திற்குள் பிள்ளையின் சொந்த மனம் நுழைய இடம் இருப்பதில்லை. இதனை எண்ணும்போதெல்லாம் ஒரு பழைய கடிதம் என் நினைவுக்கு வருகின்றது. எழுதியவன் கியூபா நாட்டுப் பள்ளி மாணவன். யாருக்கு எழுதினான் தெரியுமா? அமெரிக்க அதிபருக்கு!

1940 நவம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடைபெற்றது. பிராங்கிளின் ரூஸ்வெல்ட், வெண்டல் வில்க்கியை வென்று மூன்றாம் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன் எந்த அமெரிக்க அதிபரும் மும்முறை வென்றதில்லை. மறுநாள், நவம்பர் 6ஆம் நாளிட்ட மடல் ஒன்று, கியூபாவின் சாந்தியாகோ நகரில் இயேசு சபையினர் நடத்திய டோலோரெஸ் பள்ளியின் முகவரியிலிருந்து புறப்பட்டது.

அந்த மாணவன் அதிபரை நல்ல நண்பர் என்றே விளித்தான். வானொலி கேட்பதில் தனக்கு விருப்பம் என்றும், ரூஸ்வெல்ட் மீண்டும் அதிபராகப் போவதை அதில் கேட்டு மகிழ்ந்ததாகவும் எழுதினான். தன் அகவை பன்னிரண்டு என்றான். பச்சை நிறப் பத்து டாலர் தாளைத் தான் ஒருபோதும் கண்டதில்லை. ஒன்றை மடலில் வைத்து அனுப்புக என்று கேட்டான். கப்பல் கட்ட இரும்பு தேவையானால் மயாரி என்னும் இடத்திலுள்ள பெரிய சுரங்கங்களைக் காட்டுவதாகவும் கூறினான். ஆங்கிலம் பிழை மலிந்தது. சொல் தெரியாத இடங்களில் தன் தாய்மொழியாகிய ஸ்பானியச் சொல்லை இட்டுக்கொண்டான்.

மடலின் அடியில் இருந்த பெயர், பிடல் காஸ்ட்ரோ.

அவர் 1926 ஆகஸ்ட் 13ஆம் நாள் பிறந்தவர் என்பதே நாடறிந்த கணக்கு. அவ்வாறாயின் மடல் எழுதும்போது அகவை பதினான்கு. இரண்டு ஆண்டுகளைக் குறைத்து எழுதியிருக்கின்றார்!

அமெரிக்க அதிபர்மேல் கியூபச் சிறுவனுக்கு இத்துணை ஆர்வம் எழுந்ததில் வியப்பில்லை. 1901இல் இயற்றப்பட்ட பிளாட் திருத்தம், கியூபாவின் உள்விவகாரங்களில் தலையிடும் உரிமையை அமெரிக்காவுக்கு அளித்திருந்தது. 1933இல் பதவியேற்ற ரூஸ்வெல்ட் 'நல்ல அண்டை வீட்டார்' கொள்கையை அறிவித்தார். 1934இல் அவ்வுரிமை புதிய ஒப்பந்தத்தின்வழி நீக்கப்பட்டது. குவாண்டனாமோ கடற்படைத் தளம் மட்டும் அமெரிக்கர் கையிலேயே இருந்தது. இவை எவற்றையும் சிறுவன் குறிப்பிடவில்லை. ஆயினும், கப்பலுக்கு இரும்பு தேவை என்று அவன் உணர்ந்திருந்தான். ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. 1940 ஜூலையில்தான் அமெரிக்கா தன் கடற்படையைப் பெரிதும் விரிவாக்கச் சட்டம் இயற்றியிருந்தது. உலகச் செய்தியையும் தன் ஊருக்கு அருகிலிருந்த சுரங்கத்தையும் அவன் தானே இணைத்துப் பார்த்திருக்கின்றான்.

அமெரிக்கத் தூதரகத்திலிருந்து நன்றி மடல் வந்தது, அது பள்ளியில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது, பணம் மட்டும் வரவில்லை என்று காஸ்ட்ரோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். சிறுவனின் மடல் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். 1959இல் புரட்சி வென்றது. 1960இல் அமெரிக்க நிறுவனங்களின் உடைமைகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. 1961 ஜனவரியில் அமெரிக்கா தூதரக உறவை முறித்தது. 1962 அக்டோபரில் ஏவுகணை நெருக்கடி உலகையே அணுப்போரின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. அறுந்த உறவு 2015 ஜூலையில்தான் மீண்டும் ஒட்டியது. காஸ்ட்ரோ 2016 நவம்பரில் மறைந்தார்.

"அந்தப் பத்து டாலரை அனுப்பியிருந்தால் வரலாறே மாறியிருக்கும்" என்று சிலர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஆனால், அதனை வரலாறாக நாம் கற்பித்துவிடலாகாது. சர்க்கரை வாணிகம், அந்நியர் கையிலிருந்த நிலங்கள், 1952இல் பாடிஸ்டா ஆட்சியைக் கைப்பற்றியமை ஆகியவை யாவும் ஒரு பணத்தாளால் தீரக்கூடியவை அல்ல. வளர்ந்த மனிதனின் சினத்தைச் சிறுவனின் ஏமாற்றத்தில் தேடுவது எளிது; உண்மை ஆகாது.

நாமும் அவ்வாறு செய்வதுண்டு. ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, "இவன் தேறமாட்டான்" என்கிறோம். ஒரு பரிசைப் பார்த்துவிட்டு, "இவள் மருத்துவர்தான்" என்கிறோம். பதினான்கு அகவைப் பிள்ளையின் எழுத்து அந்த நாளின் மனத்தை மட்டுமே காட்டும், எதிர்காலத்தைக் காட்டாது.

இம்மடல் நம் கைக்குத் திருத்த வந்திருந்தால் என்ன செய்திருப்போம்? சிவப்பு மையால் நிரப்பியிருப்போம். அகவைப் பொய்யைக் கண்டித்திருப்போம், அது சரிதான். அதிபரிடம் பணம் கேட்பதா என்று கடிந்திருப்போம். தொலைநாட்டுத் தேர்தலைச் செவிமடுத்து, போரையும் சுரங்கத்தையும் இணைத்துச் சிந்தித்த அறிவைக் கண்டிருப்போமா?

அடுத்த முறை கடிதப் பயிற்சி தரும்போது, பெறுநரைப் பிள்ளைகளே தேர்ந்துகொள்ளட்டும். முதலில் படித்து மகிழ்வோம். பிழை திருத்தம் அதன்பின் ஆகட்டும்.