ராபின்சனின் காவல்துறைச் சீர்திருத்தமும் கொங்குநாட்டு மணியகாரரும்

சென்னை மாகாணக் காவல்துறையின் முதல் தலைவராக 1858இல் அமர்த்தப்பட்ட வில்லியம் ராபின்சன் படைத்துறையைச் சார்ந்தவர் அல்லர். மலபாரில் பணியாற்றிய குடிமைப்பணி அலுவலர். இப்பதவி உருவானதன் பின்னணியில் 1855ஆம் ஆண்டின் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை உள்ளது. விரல்களை நெரிக்கும் கிட்டி, குனியவைத்துக் கழுத்தையும் கால்களையும் பிணைக்கும் அண்ணாந்தாள் முதலிய கொடுமைகள் வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்யவும் ஒருங்கே கையாளப்பட்டமையை அவ்வறிக்கை பதிவுசெய்தது. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தாசில்தாரே வட்டத்தின் காவல் தலைவராகவும் விளங்கினார். வரி கேட்பவரும் குற்றம் விசாரிப்பவரும் ஒருவரே என்னும் நிலையில் குடியானவன் முறையிட வேறிடம் இல்லை.

இவ்விரண்டையும் பிரித்ததே 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தின் சாரம். அயர்லாந்துக் காவற்படையே இதற்கு முன்மாதிரி. 1867இல் ஜமைக்காவில் அமைக்கப்பட்ட காவற்படைக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று. 1860ஆம் ஆண்டின் இந்தியக் காவல் ஆணையத்தில் ராபின்சன் உறுப்பினராக இருந்தார். அதன் விளைவான 1861ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரும் சென்னை தன் சட்டத்தையே கைக்கொண்டது.

எனினும் பிரிவினை வட்டத்தோடு நின்றுவிட்டது என்பதே கருதத்தக்கது. கொங்குநாட்டுச் சிற்றூர்களில் மணியகாரர் வரி தண்டுபவராகவும் குற்றச்செய்தியைக் காவல்நிலையத்துக்கு அறிவிக்கும் பொறுப்பாளராகவும் நீடித்தார்; தலையாரி அவருக்கே கட்டுப்பட்டிருந்தார். நீலகிரி மலைப்பாதையின் அடிவாரமும் 1873இல் இருப்புப்பாதை வந்தடைந்த இடமுமான மேட்டுப்பாளையத்தில் போக்குவரத்தைக் கண்காணிக்கச் சீருடைக் காவலர் போதுமானவராயிருக்கலாம். சுற்றியுள்ள ஊர்களின் நிகழ்வுகளுக்கோ அக்காவலர் மணியகாரரின் வாய்மொழியையே சார்ந்திருக்க வேண்டியிருந்தது. எது குற்றம், எது ஊருக்குள் தீர்க்கத்தக்க வழக்கு என முதலில் முடிவுசெய்தவர் நிலவுடைமையும் சாதிச் செல்வாக்கும் உடைய அவரே. சித்திரவதைக் குழு கண்ட அதிகாரக் குவிப்பு ஒழியவில்லை; ஒரு படி கீழிறங்கியது எனலாம்.

இதனை ராபின்சன் ஒருவரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஊர்தோறும் ஊதியக் காவலரை அமர்த்தும் செலவை ஏற்க அரசு அணியமாக இல்லை. ராபின்சன் 1875இல் சில திங்கள் பொறுப்பு ஆளுநராகவும் இருந்தார். பரம்பரை மணியகாரர், கணக்குப்பிள்ளைப் பதவிகளோ 1980இல்தான் ஒழிக்கப்பட்டன. அவ்விடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலரும் குற்றங்களைக் காவல்நிலையத்துக்கு அறிவிக்கும் கடமையுடையவரே.